கண்டி வீதிக் காணியைப் பெற்றோல் செட்டுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் முன்

ஸ்காபுரோவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் மீசாலைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில், கண்டி வீதியை முகப்பாகக் கொண்ட எட்டுப் பரப்புக் காணி அவருடைய அம்மாவுக்கு இருக்கிறது. சீதனமாக வந்தது. பெற்றோல் செட் போடுவதற்கு ஒருவர் 30 வருடக் குத்தகை கேட்கிறார். மாதம் மூன்றரை லட்சம் ரூபா, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 10 வீதம் கூட்டித் தருவாராம். ஒரு வருட வாடகையை முற்பணமாக நாளைக்கே வைக்கவும் தயாராம். அம்மாவும் அப்பாவும் ஊரில்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் மூவரில் இருவர் வெளிநாட்டில். வாடகை காணுமா, கொடுக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, கொடுக்கலாம். ஆனால் வாடகையிலிருந்து தொடங்காதீர்கள். 30 வருடம் முடிகிற அன்று அந்தக் காணிக்குள் என்ன இருக்கும், அது யாருடையதாக இருக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கடைக்கோ களஞ்சியத்துக்கோ காணி கொடுத்தால், போகிறவன் சாமானை ஏற்றிக்கொண்டு போவான். பெற்றோல் செட்டுக்காரன் நிலத்தைத் தோண்டித் தாங்கி புதைக்கிறான். நொத்தாரிசாக நான் கண்ட குத்தகைச் சண்டைகளில் வாடகைப் பாக்கியால் வந்தவை குறைவு. பெரும்பாலானவை குத்தகை முடிகிற நேரத்தில், முடிவைப் பற்றி உறுதியில் ஒரு வரியும் இல்லாததால் வந்தவை.

முதலில் கையெழுத்து. சீதனக் காணி என்கிறீர்கள். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றவோ அதைப் பற்றிய உடன்பாடு செய்யவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. (இந்தக் காலத்திலும் இப்படியா என்று பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சட்டத்தை எழுதியது நான் இல்லை.) ஆகவே அப்பாவும் உறுதியில் ஒரு தரப்பாக நின்று கையெழுத்து வைக்கட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கலாம், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: இந்தக் காணியை எப்போதாவது பிள்ளைகளில் ஒருவருக்கு நன்கொடை உறுதி எழுதி, சீவிய உருத்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டாரா? எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் பேசும்போது சாதாரணமாகச் செய்கிற காரியம், எழுதியவர்களே பிறகு மறந்தும் விடுவார்கள். அப்படி இருந்தால் அம்மா தனியே கொடுக்கிற குத்தகை அம்மாவின் சீவியத்தோடு முடிந்துவிடும். ஒரு புத்திசாலிக் குத்தகைக்காரன் அதைக் கண்டுபிடித்தால் விலகிப் போவான், கண்டுபிடிக்காதவன் பத்தாம் வருடம் உங்கள் மேல் வழக்குப் போடுவான். சீவிய உருத்து என்றால் காணி பெற்ற பிள்ளையும் சேர்ந்து எழுதவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என்றால் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) முடித்து அனுப்பி, இங்கே பதிய வேண்டும். இந்தக் காணிக்கு மட்டும், இந்தக் குத்தகைக்கு மட்டும் என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிக் கொடுத்த தத்துவத்தால் காணியையே இழந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் பதிவேடு) பார்க்காமல் எதுவும் வேண்டாம். எட்டுப் பரப்பு என்று உறுதி சொல்லும். பரப்புக்கு 18 குழி, 16 பரப்பு ஓர் ஏக்கர், ஆகவே அரை ஏக்கர் என்று கணக்கும் சொல்லும். ஆனால் வேலிக் கதியால் முப்பது வருடத்தில் எத்தனை முறை நகர்ந்தது என்று உறுதிக்குத் தெரியாது. புதிதாக அளந்து படம் வரையுங்கள், செலவு குத்தகைக்காரனுடையது. காணி பிரிபடாத பங்காக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பங்காளி தன் பங்கைத்தான் குத்தகைக்குக் கொடுக்கலாம், பிரிபடாத பங்கில் தாங்கி புதைக்க எந்தக் கம்பெனியும் வராது.

அடுத்தது, கேட்கிறவர் யார்? இதை நீங்கள் எழுதவே இல்லை. இலங்கையில் பெற்றோல் விற்கிற பெயர்கள் நீண்ட காலம் இரண்டே: அரசின் சிபெட்கோ, 2003இல் வந்த இந்திய ஐ.ஓ.சி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கதவு திறந்தது. 2023இல் சீனாவின் சினோபெக் வந்தது. ஆர்.எம். பார்க்ஸ் மூலமாக ஷெல் பெயரும் திரும்பி வந்திருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் எரிபொருள் வியாபாரம் அரசிடம் போனபோது கழற்றிய ஷெல்லின் மஞ்சள் சிப்பியைச் செட்டுகளில் மறுபடி மாட்டுகிறார்கள். புதிதாக வந்த கம்பெனிகளுக்குப் பழைய செட் 150ஐக் கொடுப்பதோடு, புதிய இடங்களில் 50 திறக்கவும் அப்போது அனுமதி பேசப்பட்டது. வீதியோரக் காணிகளுக்குத் தரகர்மார் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே உங்களிடம் வந்தவர் கம்பெனியா, செட் நடத்தப்போகும் முதலாளியா, அல்லது காணியைத் தன் பெயரில் குத்தகைக்கு எடுத்துக் கம்பெனிக்குக் கூடுதல் விலைக்குக் கொடுக்கப்போகும் இடைத்தரகரா என்று தெரிய வேண்டும். மூன்றாவது வகை ஆட்கள் நன்றாகக் கதைப்பார்கள், முற்பணத்தையும் உடனே எடுத்து நீட்டுவார்கள். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கீழ்க்குத்தகை கூடாது என்று ஒரு வரி போட்டால் அவர்களில் பாதிப்பேர் மறுபடி வரமாட்டார்கள். இன்னொன்று, புதிய கம்பெனிகளுக்கு அரசு கொடுத்தது 20 வருட உரிமம். அதை நம்பி ஒருவர் உங்களிடம் 30 வருடம் கேட்கிறார் என்றால், மீதிப் பத்து வருடம் என்ன திட்டம் என்று கேட்பதில் பிழை இல்லை. கம்பெனி போனாலும் வாடகை ஓடவேண்டும் என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் 15 வருடம், பிறகு இரு தரப்பும் சம்மதித்தால் இன்னொரு 15 என்பதுதான் நல்லது. கட்டடத்துக்கும் தாங்கிக்கும் போட்ட காசை எடுக்க 15 வருடம் போதாது என்று அவர்கள் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இருபதில் வந்து நிற்கும்.

அனுமதிகளை எடுப்பது அவர்கள் வேலை, ஆனால் எவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்டி வீதி, அதாவது ஏ9, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடைய வீதி. வாகனம் உள்ளே வரும் வாயும் வெளியேறும் வாயும் அவர்கள் சம்மதித்த இடத்தில்தான், கட்டடமும் வீதி நடுக்கோட்டிலிருந்து அவர்கள் சொல்லும் எல்லைக்குப் பின்னால்தான். உங்கள் எட்டுப் பரப்பு எவ்வளவு என்பதைவிட வீதி முகப்பு எத்தனை அடி என்பது முக்கியமாவது இதனால்தான். 33,000 லீற்றர் பவுசர் ஒன்று உள்ளே வந்து, பின்னால் எடுக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போக வேண்டும். ஒடுங்கி நீண்ட காணியில் அது நடக்காது. பிறகு நகரசபையோ பிரதேச சபையோ, நகர அபிவிருத்தி அதிகார சபை, தீயணைப்பு, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். உறுதியில் வயல் என்ற சொல் எங்கேயாவது இருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு லோட் மண் கொட்டக்கூடாது. பனை நிற்கிறது என்றால் அதை வெட்டவும் தனியே அனுமதி.

இந்த அனுமதிகள் கிடைக்கும் முன்னரே குத்தகை உறுதியை எழுதிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். எழுதியதும் அவர்கள் பதிவார்கள். ஒரு வருடம் கழித்து வீதிச் சம்மதம் கிடைக்கவில்லை என்று ஆள் காணாமல் போவார். காணியில் ஒரு செங்கல் இல்லை, ஆனால் தோம்பில் 30 வருடக் குத்தகை உட்கார்ந்திருக்கும். விற்கவும் முடியாது, வங்கியில் வைக்கவும் முடியாது. அதை நீக்கும் உறுதியில் அவரே வந்து கையெழுத்து வைக்கவேண்டும். அவரைத் தேடிப் பிடிக்கும் வேலை உங்களுடையது.

அதனால் முதலில் ஒரு உடன்படிக்கை மட்டும் எழுதுங்கள், அதுவும் நொத்தாரிசு முன்னிலையில். ஒன்பது மாதமோ ஒரு வருடமோ அவருக்காகக் காணியை ஒதுக்கி வைக்கிறீர்கள், அதற்கு ஒரு தொகை, திருப்பிக் கொடுப்பதில்லை. அனுமதிகள் எல்லாம் கையில் வந்த பிறகு குத்தகை உறுதி. வராவிட்டால் உடன்படிக்கை தானாகவே முடிகிறது. அதுவரை மரம் வெட்டவோ வேலி பிரிக்கவோ விடாதீர்கள். முற்பணத்தை நாளைக்கே தருகிறார் என்பதற்காக இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

சரி, வாடகை. மூன்றரை லட்சம் நல்ல தொகையா என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன், முகப்பைப் பார்த்துத்தான் சொல்லலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு 10 வீதம் என்பது நல்லதல்ல என்று காணாமலே சொல்வேன். 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470. மூன்றரை லட்சம் ரூபாவுக்கு முன்னே ஏறக்குறைய 1,977 லீற்றர் வாங்கலாம், ஆறு மாதம் கழித்து 745 லீற்றர்கூட வராது. அந்த வருடம் நிலையான வாடகைக்குக் கட்டடம் கொடுத்தவர்கள் எல்லாரும் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். 30 வருடத்தில் அப்படி இன்னொரு வருடம் வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

எங்கள் அப்புமார் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தபோது காசு பேசவில்லை, நெல்லுத்தான் பேசினார்கள். வருடத்துக்கு இத்தனை மூட்டை. நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் மூட்டை மூட்டைதான். அதே யுக்தியைப் பெற்றோல் செட்டில் செய்யலாம், இன்னும் சுகம், ஏனென்றால் பெற்றோல் விலையை மாதா மாதம் அறிவிக்கிறார்கள், நாடு முழுக்கத் தெரியும். வாடகையை லீற்றரில் எழுதுங்கள். மாதம் இத்தனை லீற்றர் 92 ஒக்டேனின் அறிவிக்கப்பட்ட சில்லறை விலைக்குச் சமமான ரூபா என்று. அவருக்கும் இதில் பெரிய இழப்பில்லை, விலையோடு அவருடைய வரவும் ஏறுகிறது.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. 2022இல் விலை ஏறிய அதே மாதங்களில் செட்டுகளில் பெற்றோலே இல்லை. மைல் கணக்கில் கியூ, பிறகு கியூ.ஆர். கோட். விற்கச் சாமான் இல்லாதவனிடம் இரண்டரை மடங்கு வாடகை கேட்டால் அவன் எங்கே போவான்? அதனால் மாத விலையை எடுக்காமல் முந்திய 12 மாதச் சராசரியை எடுங்கள். ஒரு வருடத்தில் இத்தனை வீதத்துக்கு மேல் ஏறாது, ஏறாமல் விட்டது அடுத்த வருடத்துக்குச் சேரும் என்றும் எழுதுங்கள். கீழே ஒரு அடித்தளமும் வேண்டும். விலை இறங்கினாலும் முந்திய வருட வாடகையைவிடக் குறையக்கூடாது.

விற்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் இத்தனை சதம் என்று கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கேட்கலாம், ஆனால் அதற்கு மீற்றர் வாசிக்க வேண்டும், பவுசர் ரசீது பார்க்க வேண்டும். அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் என்று நினைக்கிறேன், அவரை மாதா மாதம் செட்டுக்கு அனுப்பப் போகிறீர்களா? செட்காரரின் வரவு கொமிஷனில் தொங்குகிறது என்பதையும் மறக்காதீர்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் கொமிஷன் முறையை மாற்றும் பிரச்சினையில் விநியோகத்தர்கள் ஓடர் போடமாட்டோம் என்று சொல்ல, ஒரே இரவில் நாடு முழுக்கக் கியூ நின்றது. அவருடைய லாபக் கணக்குக்குள் நீங்கள் போய் இருக்கவேண்டாம். பந்தலுக்கு வெளியே இருங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. மாத வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் கொடுப்பவர் 10 வீதம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். அது அம்மாவின் வருமான வரிக்கணக்கில் கழியும், ஆகவே சான்றிதழை வாங்கி வையுங்கள். உறுதிக்கு முத்திரைச் செலவு பல வருட வாடகையைச் சேர்த்துப் பார்த்து வருவதால் சின்னத் தொகையாக இராது. யார் கட்டுவது என்பதைப் பேசும்போதே பேசிவிடுங்கள். காணி உறுதியின் மூலப்பிரதியை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர் தன் குத்தகை உரித்தை வங்கியில் வைத்துக் கடன் எடுக்கட்டும், உங்கள் காணியை ஈடு வைக்க உங்கள் கையெழுத்து எதற்கு?

இனித்தான் நான் தொடக்கத்தில் சொன்ன விஷயம். ஆறில்லாத குடாநாடு இது, வழுக்கையாறு என்று ஒன்று இருந்தாலும் அதுவும் மாரியில்தான் ஆறு. குடிப்பது, தோட்டம் இறைப்பது எல்லாம் காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணி. அந்தக் கல் ஒரு சல்லடை. ஓரிடத்தில் ஊற்றியது எங்கே போய்க் கிளம்பும் என்று சொல்ல முடியாது. சுன்னாகத்தில் மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா கொடுக்கச் சொன்னது. அங்கே கசிந்தது மின்நிலைய எண்ணெய். பெற்றோல் அதைவிட மெல்லியது, மண்ணுக்குள் வேகமாக இறங்கும், அதிலுள்ள பென்சீன் தண்ணியோடு கரைந்து போகும். கண்ணுக்குப் படலம் தெரியாமலே கிணறு கெடலாம்.

தென்மராட்சிப் பக்கம் மேலே மணல். மாரி முற்றினால் கார்த்திகை, மார்கழியில் தண்ணி மேலே வந்துவிடும். அந்த நேரம் பாதி வெறுமையாக இருக்கும் தாங்கி தோணி மாதிரி மிதக்கப் பார்க்கும். கொங்கிறீற் போட்டு இறுக்கிக் கட்டாவிட்டால் குழாய் இணைப்பு அசைந்து கசியும். கடல்நீரேரியின் உப்பும் சேர்ந்தால் இரும்பு என்ன பாடுபடும் என்று, வீட்டுக் கம்பிக் கேற்றைப் பார்த்தாலே தெரியும்.

அதனால் உறுதியில் இவற்றைக் கேளுங்கள். தாங்கி இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்கவேண்டும், இரண்டு சுவருக்கும் இடையில் கசிவைக் காட்டும் கருவியோடு. தாங்கிக் குழியைச் சுற்றிக் கண்காணிப்புக் குழாய்கள் இறக்கவேண்டும். தளத்துத் தண்ணி எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் வெளியே போகவேண்டும். வாகனம் கழுவும் சேர்விஸ் வேலை வேண்டாம், அது தனி உபத்திரவம். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் மண்வெட்டி விழும் முன், உங்கள் கிணற்றுத் தண்ணியையும் பக்கத்துக் கிணறு இரண்டின் தண்ணியையும் காணி மண்ணையும் ஆய்வுகூடத்தில் சோதித்து, அறிக்கையை உறுதியோடு இணைப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து, "இது முன்னமே இருந்தது" என்று அவர் சொல்வார், நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே சோதனை, அவர் செலவில், பிரதி உங்களுக்கு.

முடிவுக்கு வருவோம். மண்ணில் கட்டியது மண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு என்பது எங்கள் சட்டத்தின் பொதுவான போக்கு. இதை நம்பிச் சில காணிக்காரர், 30 வருடம் முடிந்தால் செட் எங்களுக்குத்தானே என்று மனக்கணக்குப் போடுவார்கள். பெற்றோல் தருகிற ஒப்பந்தம் கம்பெனிக்கும் நடத்துகிறவருக்கும் இடையிலானது, காணியோடு ஒட்டிக்கொண்டு வராது. உங்களுக்கு வருவது ஒரு வெறும் பந்தல், ஓர் அலுவலக அறை, மண்ணுக்குள் துருப்பிடித்த நாலு தாங்கி. அந்தத் தாங்கிகளும் சட்டப்படி உங்களுடையவை ஆகிவிட்டால், கசிவும் உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட உங்களைத்தான் தேடி வருவார், அவரிடம் ஸ்காபுரோ விலாசமும் இருக்கும்.

ஆகவே பந்தலும் கட்டடமும் நிற்கலாம், தாங்கியும் குழாயும் அவருடையவை, கடைசி ஆறு மாதத்துக்குள் அவர் கிளப்பிக் கொண்டுபோக வேண்டும், குழியைப் புது மண்ணால் நிரப்ப வேண்டும், தண்ணியும் மண்ணும் முதல் நாள் அறிக்கையோடு ஒத்துவர வேண்டும் என்று எழுதுங்கள். ஒத்துவரும் வரை குத்தகை முடிந்ததாகக் கணக்கில்லை, வாடகை ஓடும். இதற்கு வங்கி உத்தரவாதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், தாங்கி கிளப்பும் செலவைக் கணக்குப் பார்த்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். இந்தப் பந்தியைத்தான் அவருடைய சட்டத்தரணி வெட்டப் பார்ப்பார். வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதைக் காப்பாற்றுங்கள். வீதி அகலிப்புக்கு அரசு முகப்பை எடுத்தால் காணிக்கான நட்டஈடு உங்களுக்கு, கட்டடத்துக்கானது அவருக்கு என்று அங்கேயே ஒரு வரி போடலாம்.

மின்சார வாகனம் வந்துகொண்டிருக்கிறதே, 30 வருடம் பெற்றோல் விற்குமா என்று நீங்களே ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். யுத்த காலத்தில் காபரேட்டருக்குள் ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. எதில் ஓடும் என்று நான் ஆரூடம் சொல்ல வரவில்லை. சார்ஜ் ஏற்றும் இடம், சின்னக் கடை, சாப்பாட்டுக்கடை என்று பாவனை மாற வேண்டுமானால் உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு மாறலாம், வாடகை மறுபடி பேசப்படும் என்று இருந்தால் போதும்.

கடைசியாக, இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று. பழைய உறுதிகளில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று ஒரு வரி வரும். உங்கள் காணிக் கிணறு தனிக் கிணறா, பங்குக் கிணறா என்று அம்மாவிடம் கேளுங்கள். பங்குக் கிணறு என்றால் பங்காளிகளின் சம்மதம் இல்லாமல் அதற்குப் பக்கத்தில் தாங்கி புதைப்பது முதல் நாளே வழக்கு. அந்தப் பங்காளிகள் யார், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். போனில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, உறுதியின் பிரதியோடு உங்கள் நொத்தாரிசிடம் போங்கள்.